வலி போன பிறகு

கனடாவில் முதுகு நோகாத தமிழன் ஒருவனைக் கண்டால், அவன் நேற்றுத்தான் விமானத்தால் இறங்கினவன் என்று வைத்துக்கொள்ளலாம். நோகிறவர்களைவிட வைத்தியம் சொல்கிறவர்கள் இன்னும் அதிகம். என் கணவர் குலசிங்கத்துக்கு முதுகின் அடியில், நாரியில், ஒரு எலும்பு முன்பக்கமாக வழுக்கி நரம்பை நெரிக்கிறது என்று ஸ்கானில் தெரிந்த கிழமையே, எங்கள் ஸ்காபரோ வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் நொச்சியிலை ஒத்தடம் என்றார். இன்னொருவர் வெறுந்தரையில் படுக்கச் சொன்னார். மிசிசாகாவில் ஒருவர் இருக்கிறாராம், காலைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தால் எலும்பு டக்கென்று பழைய இடத்துக்குப் போய்விடுமாம். வழுக்கின எலும்பு என்ன, கழன்ற கதவா தட்டிப் பூட்டுவதற்கு? தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இவர் மெத்தைக் கடையில் டெலிவரி வேலை செய்தவர். ஒடுங்கின படிக்கட்டுகளில் ஊருக்கெல்லாம் மெத்தை சுமந்த மனிதர், கடைசியில் தன் மெத்தையில் கால் நீட்டிப் படுக்க முடியாமல் சோபாவில் சாய்ந்தபடி விடியவைத்தார். வலி நாரியில் தொடங்கி இரண்டு பின்தொடைகளாலும் இறங்கிப் பாதம் வரை எரியும். நிமிர்ந்து நின்றால் கூடும், குனிந்தால் குறையும். அதனால் மரக்கறிக் கடைக்கு என்னோடு வருவதற்கு ஆசைப்படுவார். தள்ளுவண்டியின் கைபிடியில் குனிந்து சாய்ந்துகொண்டு நடந்தால் அவருக்குச் சுகம். வாங்க வேண்டியதெல்லாம் வாங்கி முடிந்த பிறகும் வெறுமனே கடையைச் சுற்றுவார். 

வைத்தியம் செய்யாமல் இல்லை. பிசியோவில் வயிற்றுத் தசையை இறுக்கும் பயிற்சி தந்தார்கள், தவறாமல் செய்தார். நாரிப்பட்டி கட்டினார். நரம்புக்கென்று தந்த குளிசை அவரைப் பகலிலும் தூங்கவைத்ததே தவிர வலியைத் தூங்கவைக்கவில்லை. முள்ளந்தண்டுக்குள் ஊசி போட்டார்கள். முதல் ஊசிக்கு ஒரு குளிர்காலம் நன்றாக இருந்தார். அடுத்த ஊசியின் பலன் அவர் வீட்டுக்கு வந்து சேருவதற்குள்ளேயே முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒப்பரேசன் மட்டும்தான். நெரிபடும் நரம்புக்கு இடம் விட்டு, வழுக்கின எலும்பை மற்ற எலும்போடு திருகாணி போட்டுப் பூட்டுவது. அதைப் பற்றிப் பேசத்தான் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டொக்டர் கூப்பிட்டார்.

அன்றைக்கு எனக்கு வேலை. விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் லீவு கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். யூனிவர்சிட்டியில் படிக்கிற எங்கள் ஒரே மகள் நிலாணி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அறையில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. ஆனால் கதை கேட்கிறவர்களுக்கு இப்போதே தெரிய வேண்டும்.

முதலில் தாதி, போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டிருக்கிறார். இவர் விடவில்லை.

"வேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை. இஞ்சை தமிழ் கதைக்கிற ஆள் எண்டால் ஆரோ தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கும். நாளைக்கு என்ர நாரியைப் பற்றி ரொறொன்ரோ முழுக்கக் கதைக்கும். நீ இருக்கிறாய்தானே."

அவர் சொன்னதிலும் பிழையில்லை. எங்கள் ஆட்களின் காதும் வாயும் அப்படி.

டொக்டர் ஒரு இளம் பெண். ஒப்பரேசனுக்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதற்கிடையில் எதைக் கண்டால் உடனே ஓடிவர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாராம். கால் விறைத்தால், பாதம் தூக்க முடியாமல் போனால் வர வேண்டும். நிலாணி அதை மொழிபெயர்த்தாள். பிறகு டொக்டர், இரண்டு தொடைகளுக்கும் நடுவில், சைக்கிள் சீற்றில் படுகிற இடத்தில், உணர்ச்சி குறைந்தால் வர வேண்டும் என்றார். சிறுநீர் வராமல் நின்றால், அல்லது தெரியாமல் போனால். மலம் போவது தெரியாவிட்டால். ஆண்மையில் மாற்றம் தெரிந்தால். வலி திடீரென்று இல்லாமல் போய் இவற்றில் ஒன்று வந்தால், அது சுகம் இல்லை, நரம்பு சாகிறது என்று அர்த்தம், ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது என்றார்.

இவர் மகளின் முகத்தைப் பார்த்தார். "என்னவாம் பிள்ளை?"

"ஏதாவது வித்தியாசமாய் இருந்தா உடனே வரட்டாம், அப்பா."

இதில் ஏதாவது இப்போது அவருக்கு இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். நிலாணி அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. "நோ" என்று தானே பதில் சொன்னாள்.

என் பிள்ளை பொய்க்காரி இல்லை. எங்கள் வீட்டில் இடுப்புக்குக் கீழே முழங்கால் வரைக்கும் உடம்பே கிடையாது. உள்ளாடை துவாய்க்குக் கீழேதான் காயும். டிவியில் இரண்டு பேர் நெருங்கி நின்றால் இவர் தண்ணி குடிக்க எழும்பிப் போய்விடுவார். மகள் பெரியபிள்ளையானபோது ஒரு கிழமை அவளை நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டவர். அப்படிப்பட்ட அப்பாவிடம் போய், அதுவும் ஒரு அந்நியருக்கு முன்னால், அந்தக் கேள்வியைக் கேள் என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? ஆங்கிலத்தில் கேட்டிருப்பாள். தமிழில் அவளுக்கு அதற்கு வாய் வரவில்லை.

இது ஒரு பக்கம். மற்றப் பக்கம் தவமணி மச்சாள். இவருடைய அக்கா, யூனியன்வில்லில் இருக்கிறா. தம்பி என்றால் உயிரை விடுவா. யாரையும் கேட்காமல் கோயிலில் போய் நேர்த்தி வைத்துவிட்டு வந்தா.

"தம்பிக்கு உந்த வலி போகவேணும் எண்டு முருகனிட்டை அழுதிட்டு வந்திருக்கிறன். வலி போனால் தேரன்டு தம்பி பிரதட்டை செய்வான். நான் பின்னாலை விழுந்து கும்பிட்டு அடி அழிப்பன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேர்த்தி வைப்பவர் ஒருவர், உருள்பவர் வேறொருவர்! "மச்சாள், முதுகு சுகமானால் அந்த முதுகாலேயே ஏன் உருள வேணும்? குடுத்ததைத் திருப்பி வாங்கிறதுக்கோ முருகன் குடுக்கிறார்?" என்று கேட்டேன்.

"சாமி விசயத்திலை உப்பிடிக் கதையாதை மலர்," என்று அவ காதைப் பொத்திக்கொண்டா.

ஆடி மாதம். கோடை வெக்கையில் வீடு அவிந்தது. தேருக்கு ஒரு கிழமை இருக்கையில், காலையில் நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து இவர் கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். மெத்தையில் மல்லாந்து, இரண்டு காலையும் நீட்டிப் படுத்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"மலர், நோகேல்லை."

"எங்கை நோகேல்லை?"

"ஒரு இடமும் நோகேல்லை. காலிலை எரிவும் இல்லை. இரவு முழுக்க நித்திரை கொண்டிருக்கிறன்."

நான் கட்டிலில் இருந்து அழுதேன். பொய் சொல்லக் கூடாது, நானும் அன்றைக்கு முருகா என்றுதான் சொன்னேன். எத்தனை காலத்துக்குப் பிறகு அந்த மனிதர் மனிதரைப் போலப் படுத்திருந்தார். மச்சாளுக்குப் போன் போட்டதும் அவர்தான். அந்தப் பக்கத்தில் மச்சாள் விக்கி விக்கி அழுதது எனக்கும் கேட்டது.

அன்று பின்னேரம் எல்லோருமாகச் சாப்பிட இருந்தோம். இவர் கதிரையில் இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இஞ்சரும், வெறும் கதிரையிலை இருக்கிறன், மெத்தையிலை இருக்கிற மாதிரிக் கிடக்கு."

"மெத்தைக்காரருக்குத் திருநாள்தான்," என்று நானும் சிரித்தேன்.

நிலாணி சிரிக்கவில்லை. கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள்.

"அப்பா, பெயின் போனது ஓகே. ஆனா வேற... வேற எல்லாம் நோர்மல் தானே?"

"எல்லாம் நோர்மல். நீ பயப்பிடாதை பிள்ளை."

"இல்லை, ஐ மீன்... டொக்டருக்கு ஒருக்கா கோல் பண்ணட்டா?"

"சுகமாப் போச்சுது எண்டு சொல்லவோ? அவை பிறகு ஒப்பரேசன் லிஸ்டிலை இருந்து பேரை வெட்டிப்போடுவினம். சும்மா இரு."

அவள் எழும்பிக் கை கழுவப் போனாள். சோறு முழுக்க மிச்சம் இருந்தது. பரீட்சை யோசனை என்று நான் நினைத்தேன்.

அந்தக் கிழமை இவர் குளியலறைக்குள் போனால் வெளியே வர நேரம் எடுத்தது. தண்ணீர்க் குழாய் திறந்து ஓடுகிற சத்தம் கேட்கும். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், வயசு போனால் எல்லாருக்கும் உப்பிடித்தான் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. அவர் வாழ்க்கையில் எனக்குச் சொன்னதெல்லாம் இடுப்புக்கு மேலேயுள்ள வருத்தங்கள்தான்.

பிரதட்டை வேண்டாம் என்று நான் தேர் நாள் காலை வரைக்கும் சண்டை பிடித்தேன். "பொங்கிப் படைச்சு, அர்ச்சனை செய்து விடுவம். ஒப்பரேசன் முடியட்டும், பிறகு உருளுங்கோ," என்று கெஞ்சியும் பார்த்தேன். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மலர், எத்தினை பேர் என்ன மருந்து சொன்னவை? எது கேட்டது? கேட்டது ஒண்டுதான். அதுக்கு நான் கடன் வைக்க மாட்டன்."

எங்கள் கோயில் ஒரு காலத்தில் ஏதோ தொழிற்சாலையாக இருந்த கட்டடம். தேரோடும் வீதி என்பது கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வருகிற தார்ப்பாதைதான். காலில் சுடாமல் இருக்கத் தொண்டர்கள் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். இவர் தலையில் வாளித் தண்ணீர் ஊற்றி, ஈர வேட்டியோடு தேங்காயை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு படுத்தார். அரோகரா என்று சனம் கத்தியது. மற்ற ஆண்களோடு இவரும் உருண்டார். மச்சாள் ஈரச் சேலையோடு பின்னால் விழுந்து விழுந்து எழும்பிக் கும்பிட்டபடி வந்தா. நான் பக்கத்தால் நடந்தேன். ஒவ்வொரு புரளலுக்கும் அவருடைய நாரி தாரில் மோதுகிறபோது என் பல்லுக் கூசியது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அதைத்தான் எல்லோரும் அதிசயமாகப் பார்த்தார்கள்.

"பாத்தியே, ஒரு முனகல் இல்லை," என்று மச்சாள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னா.

முடிந்ததும் உலர்ந்த வேட்டிக்கு மாறினார். அன்னதானத்துக்குக் கூடாரத்தில் பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தோம். கோயில் தொண்டர் இரத்தினவேல் அண்ணை பக்கத்தில் இருந்து, தன் முழங்காலுக்கும் நேர்த்தி வைக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர் பாயசம் எடுக்க எழும்பினார். வேட்டியின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கதிரையின் குழியில் தேங்கி நின்று, காலால் வடிந்து நிலத்தில் கோடாக ஓடியது.

இவர் கதையை நிறுத்தவில்லை. இரத்தினவேல் அண்ணையின் தோளில் தட்டி எதற்கோ சிரித்தார். அவருக்குத் தெரியவில்லை.  ஒரு பெரிய மனுசன் சனத்துக்கு நடுவில் நனைந்து நிற்கிறார், அவருக்கு அது தெரியவில்லை.

"இஞ்சரப்பா," என்று நான் என் சேலைத் தலைப்பால் மறைத்தேன்.

அவர் திரும்பிக் கதிரையைப் பார்த்தார். "ஆரோ தண்ணியை ஊத்திப்போட்டினம்," என்றார். பிறகு வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். கையை முகர்ந்தார். அவருடைய முகம் அப்போது போன விதத்தை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன்.

நிலாணி கோப்பையை வைத்துவிட்டு எழும்பினாள். "அப்பா, வாங்கோ. எமர்ஜென்சிக்குப் போவம். இப்ப. இப்பவே."

கார் ஓட்டிக்கொண்டே அவள் அழுதாள். பின்சீற்றில் இவர் இருக்க, முன்சீற்றில் இருந்த என்னிடம், அந்த அறையில் டொக்டர் சொன்னது முழுவதையும் சொன்னாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். "அம்மா, நான் அப்பாட்டை அதை எப்பிடிக் கேக்கிறது? நான் எப்பிடிக் கேக்கிறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்கு அறைய வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். இவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்குக் கேட்டது.

மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஒப்பரேசன் அன்றைக்கே நடந்தது. கனடாவில் வரிசையை முந்துவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது. திருகாணிகள் நல்ல இடத்தில் இருப்பதாக, அதே இளம் டொக்டர் இரண்டு நாள் கழித்து வந்து படம் காட்டினார். நடப்பார் என்றார். மற்றது, சிறுநீரும் மலமும், பெரும்பாலும் திரும்பாது என்றார். அந்த நரம்புகள் கன நாளாக நசிந்திருந்தன.

"உருண்டதாலையோ எண்டு கேள்," என்று நான் நிலாணியிடம் சொன்னேன். மச்சாள் யன்னலோரம் திருநீற்றுப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தா. அவவுக்குக் கேட்கட்டும் என்றுதான் கேட்டேன்.

டொக்டர் யோசித்தார். உருண்டது நன்மை செய்திருக்காது என்றார். ஆனால் வலி போன அன்றைக்கே இது தொடங்கியிருக்க வேண்டும், அன்றைக்கே வந்திருந்தால் காப்பாற்றியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்றார். நிலாணி அதை ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள். அவள் குரல் தன்னைத்தானே தண்டிக்கிற குரலாக இருந்தது. மச்சாள் பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்தா.

பிறகு டொக்டர் இவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நிலாணி அதையும் மொழிபெயர்த்தாள். 

"அப்பா... இந்த அறிகுறியள் எல்லாத்தையும் முதலே உங்களுக்கு விளங்கப்படுத்தினதோ எண்டு டொக்டர் கேக்கிறா."

 இவர் மகளைப் பார்த்தார். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடமாகப் பிழை வந்துவிடும் என்ற வெட்கத்தில் டொக்டர்மாருக்கு முன்னால் ஒரு ஆங்கிலச் சொல்லும் பேசாதவர், மகளைத் தாண்டி டொக்டரைப் பார்த்துத் தானே பேசினார்.

"யெஸ் டொக்டர். மை டோட்டர் டெல். எவ்ரிதிங் டெல். மீ... ஃபொகெட்."

டொக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். நிலாணி அறையை விட்டு வெளியே ஓடினாள். நான் போகவில்லை. இவர் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு யாரில் கோபப்படுவதென்று தெரியவில்லை. அதுவரைக்கும் என் வாழ்க்கையில் அப்படி ஒரு நிலை வந்ததில்லை, கோபப்பட எனக்கு எப்போதும் ஒரு ஆள் கிடைக்கும்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள், தாதி ஒருவர் தட்டில் மெல்லிய குழாய்களை அடுக்கிக்கொண்டு வந்தார். இனி சிறுநீர்ப்பை தானாக இறங்காது, நிரம்பினால் தெரியாமல் வழியத்தான் செய்யும். நாளுக்குச் சில தடவை இவர் தானே இந்தக் குழாயை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். அதைப் பழக்கிவிட வந்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளருக்குப் போன் போடட்டுமா என்று கேட்டார்.

இந்த முறை இவர் முந்திக்கொண்டார். "ஓமெண்டு சொல்லு பிள்ளை. போனிலை ஆள் வரட்டும். ஆரெண்டாலும் பரவாயில்லை. நீ வெளியிலை போய் இரு."

"வேண்டாம் அப்பா. நான் சொல்லுறன்."

"நிலாணி, வெளியிலை போ."

"நான் சொல்லுறன் அப்பா."

தாதி திரைச்சீலையை இழுத்தார். நான் இவருடைய போர்வையை விலக்கினேன். நிலாணி கட்டிலின் தலைமாட்டில், சுவரைப் பார்த்தபடி நின்றாள். தாதி ஒவ்வொன்றாகச் சொல்ல, அவளும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்தக் கையால் பிடிப்பது, எப்படித் துடைப்பது, எந்தத் துவாரம், எவ்வளவு உள்ளே. தெரியாத சொல்லை என்னிடம் கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வீட்டில் ஒருவரும் உச்சரிக்காத சொற்களையெல்லாம் அவள் தெளிவாக, சத்தமாக, ஒன்றும் விடாமல் சொன்னாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு, சொன்னபடி செய்தார்.  குழாய் உள்ளே போனது. சட்டிக்குள் சிறுநீர் விழும் சத்தம் கேட்டது.

தாதி ஏதோ கேட்டார்.

"நோகுதோ எண்டு கேக்கிறா அப்பா."

இவர் கண்ணைத் திறக்கவில்லை. "இல்லை எண்டு சொல்லு பிள்ளை. ஒண்டுமே நோகேல்லை."

சுவரைப் பார்த்தபடியே நிலாணி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். தாதி, வெரி குட் என்று இவருடைய தோளில் தட்டினார்.